நாவல் மரத்துக்கு நாற்பது மீற்றர்

பத்மலோஜினி மிதிவெடி அகற்றப் பழக வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பழக்குகிற ஜெயசோதிக்கு முப்பத்தைந்து. அதனால் மாணவி ஆசிரியையை "ரீச்சர்" என்றாள். ஆசிரியை மாணவியை "அக்கா" என்றாள்.

"ஏன் இந்த வேலைக்கு வந்தனீங்கள், அக்கா?" என்று முதல் நாள் ஜெயசோதி கேட்டாள்.

"சம்பளத்துக்கு."

அது பொய்.

நெடுவெளியில், வீதியிலிருந்து நாற்பது மீற்றர் உள்ளே, ஒரு நாவல் மரம் நிற்கிறது. சனம் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் பத்மலோஜினியின் மகள் வர்ணிகா அந்த மரத்தின் கீழ்தான் இறந்தாள். நாலு வயது. காய்ச்சல். மருந்து இல்லை. பத்மலோஜினியும் கணவன் சிவராசாவும் யாரிடமோ மண்வெட்டி இரந்து வாங்கி, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, பிள்ளையை அங்கேயே கிடத்தினார்கள். மண்வெட்டிக்காரர் காத்துக்கொண்டு நின்றார். அவரும் ஓட வேண்டியவர். ஒரு கல்லைத் தேடி வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வெளி போர்முனையாகி, மண் முழுக்க மிதிவெடி ஆனது. எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது, வீதியோரம் சிவப்புத் தடிகள் நட்டிருந்தன. அதற்கு அப்பால் கால் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் சைக்கிளில் போய், சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம் நின்று மரத்தைப் பார்ப்பாள். காற்றடித்தால் எந்தக் கிளை முதலில் அசையும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் பழம் கொட்டும். பொறுக்க ஆள் இல்லை. ஒரு காகம் நடந்து நடந்து தின்னும். காகத்துக்குப் பாரம் இல்லை, அது எங்கேயும் நடக்கலாம்.

பதின்மூன்று வருஷம் இப்படிப் போனது.

பிறகு ஒருநாள், அடுத்த ஆனியில் நெடுவெளியை மிதிவெடி அகற்றித் துப்புரவாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். மறுநாளே வேலைக்கு எழுதிக் கொடுத்தாள்.

"ஆரும் துப்புரவாக்கட்டுமே, பிறகு போய்ப் பாக்கலாம்" என்றான் சிவராசா.

"வேற ஆக்களின்ர கை முதல்ல படவோ?" என்று கேட்டாள். அவன் எழும்பி வெளியே போய்விட்டான்.

*

சான்றிதழ் இல்லாதவர்களுக்குக் களத்தில் வேலை இல்லை. முன்பு அந்தச் சான்றிதழுக்கு எழுத்துச் சோதனை மட்டும்தான். ஐம்பது கேள்வி. எழுபது புள்ளி எடுத்தால் போதும்.

ஜெயசோதி அதை மாற்றியிருந்தாள். எழுத்துச் சோதனை இருக்கும், ஆனால் அது முதல் படி. அதற்குப் பிறகு ஒரு பட்டியல். அதில் முப்பது வேலைகள். தடி நடுவது, உலோகம் தேடும் கருவியின் ஒலியைக் கேட்பது, சிறு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாருவது, வந்த வழியே பின்வாங்குவது. ஒவ்வொன்றையும் மூன்று வெவ்வேறு நாட்களில் செய்து காட்ட வேண்டும். புள்ளி கிடையாது. ஒன்று, "தகுதி" என்று எழுதுவாள், இல்லாவிட்டால் "இன்னும் இல்லை" என்று எழுதுவாள்.

எழுத்தில் பத்மலோஜினிக்குத் தொண்ணூற்றாறு. அவ்வளவு புள்ளி அதுவரை ஒருவரும் எடுத்ததில்லை. அவளுடைய விடைத்தாளை ஜெயசோதி மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

அதே வகுப்பில் வசந்தி என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். எழுத்து வராது. பழைய முறையில் இரண்டு தரம் தவறியவள். இந்த முறை பத்மலோஜினி பின்னேரங்களில் பக்கத்தில் இருத்தி, வெடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். வசந்தி எழுபத்தொரு புள்ளி எடுத்தாள்.

வைகாசி மாதம் பட்டியல்கள் வந்தன. வசந்திக்கு முப்பதும் தகுதி. பத்மலோஜினிக்கு இருபத்தொன்பது.

இருபத்தேழாவது வரியில் "நிறுத்தல்" என்று இருந்தது. அதற்கு நேரே "இன்னும் இல்லை."

அவள் தாளை எடுத்துக்கொண்டு ஜெயசோதியிடம் போனாள்.

"ரீச்சர், நிறுத்திறதுக்கு என்ன தெரிய வேணும்?"

ஜெயசோதி அலமாரியைத் திறந்து பத்மலோஜினியின் விடைத்தாளை எடுத்தாள்.

"முப்பத்தோராம் கேள்வி. உங்கட பதிலை வாசியுங்கோ."

பத்மலோஜினி வாசித்தாள். "விசில் ஊதப்பட்டால் அது ஓய்வு நேரமாக இருக்கலாம். அல்லது பக்கத்து வேலைக் கோட்டில் இன்னொருவர் வெடி ஒன்றைக் கண்டிருக்கலாம். அல்லது யாராவது காயப்பட்டிருக்கலாம். எதுவென்று வேலை செய்பவருக்குத் தெரியாது. ஆகவே விசில் கேட்ட கணத்திலேயே, கையிலுள்ள வாரி எந்த நிலையில்—"

ஜெயசோதி விசிலை ஊதினாள்.

"—இருக்கிறதோ அந்த நிலையிலேயே அசைவை நிறுத்த வேண்டும்" என்று பத்மலோஜினி வாசித்து முடித்தாள்.

விசில் ஊதியது அப்போதுதான் பத்மலோஜினிக்கு உறைத்தது.

அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

*

அதற்குப் பிறகு பயிற்சி நிலத்தில் ஒரு கிழமை. வெறும் தகர டப்பாக்களைப் புதைத்து வைத்த நிலம். பத்மலோஜினி முழங்காலில் இருந்து வாருவாள். ஜெயசோதி தூரத்தில் நின்று, நினைத்த நேரத்தில் விசில் ஊதுவாள். ஒவ்வொரு தரமும் பத்மலோஜினியின் கை கல் மாதிரி நின்றது.

ஏழாம் நாள் அவள் கேட்டாள். "இப்ப சரிதானே, ரீச்சர்?"

"இன்னும் இல்லை."

"இருபது தரம் ஊதினனீங்கள். இருபது தரமும் நிறுத்தினனான்."

"ஓம்."

"அப்ப?"

"விசிலைக் காத்துக்கொண்டு இருந்தனீங்கள். உங்கட காது என்னட்டை இருந்தது. மண்ணில இருந்தது ஆர்?"

பத்மலோஜினிக்குக் கோபம் வந்தது. முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எழுத்து நல்லது, ரீச்சர். எழுத்தில எது சரி, எது பிழை எண்டு தெரியும். இதில நீங்கள் பாக்கிறது எனக்குத் தெரியேல்லை."

"எனக்கும் எல்லா நேரமும் தெரியிறேல்லை, அக்கா. அதுதான் மூண்டு நாள் பாக்கிறனான்."

"ஆனி துவங்க ஒன்பது நாள்தான் இருக்கு."

"தெரியும்."

அன்று பின்னேரம் அவள் வசந்தியிடம் போனாள். வசந்தி கிணற்றடியில் பிள்ளைகளைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பிடி நிறுத்திறனி?"

வசந்தி யோசித்தாள். "எனக்குச் சொல்லத் தெரியாதக்கா. எனக்கு அங்கால போக ஒரு இடமும் இல்லை. நிண்டா நிண்டதுதான்."

*

அடுத்த நாள் பத்மலோஜினி அலுவலகத்துக்குப் போனாள். பொறுப்பாளர் குணநாயகம் நல்ல மனுசன். அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பழைய விதி இன்னும் முற்றாக எடுபடவில்லை என்றார். இந்த வருஷ முடிவுவரை, எழுத்துச் சோதனைப் புள்ளியை மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாம். பழக்குபவரின் கையெழுத்து இருந்தால் போதும்.

"தொண்ணூற்றாறு எடுத்த ஆளை மறிச்சு வைக்கிறது நியாயமில்லைத்தானே?" என்று அவரே ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்.

வீட்டில் சிவராசா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாஸ் பண்ணிப்போட்டியோ?"

"ஒரு கையெழுத்துத்தான் மிச்சம்."

அவன் படிவத்தைக் கொடுத்துவிட்டு, அவளுடைய வேலைச் சப்பாத்தை எடுத்து வைத்துத் தேய்ந்த இடத்தைத் தைக்கத் தொடங்கினான்.

காலையில் ஜெயசோதி படிவத்தை வாசித்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தாள். அதைப் பத்மலோஜினி எதிர்பார்க்கவில்லை.

"இனி நீங்கள் போகலாம், அக்கா. நெடுவெளியில எந்தக் கோடு வேணும்?"

"பத்தாம் கோடு." அது நாவல் மரத்துக்கு நேரே போகிற கோடு.

ஜெயசோதி வரைபடத்தில் குறித்தாள்.

"பதினோராம் கோட்டில, உங்களுக்குப் பக்கத்தில, ஆரை விடட்டும்?"

பத்மலோஜினி வாயைத் திறந்தாள். வசந்தி என்று சொல்லத்தான் வந்தது. சேர்ந்தே வேலை செய்வோம் என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கிணற்றடியில் சவர்க்கார நுரையோடு நின்ற இரண்டு பிள்ளைகளும் அவளுடைய கண்ணுக்குள் வந்துவிட்டார்கள்.

ஜெயசோதி பேனாவோடு காத்திருந்தாள்.

"சொல்லுங்கோ, அக்கா. ஆற்ற பேரை எழுதட்டும்?"

வெளியே யாரோ வாகனத்தைக் கழுவும் சத்தம் கேட்டது.

பத்மலோஜினி படிவத்தை இழுத்து எடுத்தாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"வேண்டாம்" என்றாள். "எழுதாதேங்கோ."

பிறகு, "சம்பளத்துக்கு வந்ததெண்டு சொன்னனான். அது பொய், ரீச்சர்" என்றாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"வெள்ளிக்கிழமையில நானும் அந்த வீதியால போறனான்."

அப்போதுதான் பத்மலோஜினி முதல் தடவையாக, வேற்றாள் ஒருத்தியிடம், மரத்தின் கீழ் என்ன இருக்கிறது என்று சொன்னாள். மகளின் பெயரையும் சொன்னாள். மண்வெட்டி இரவல் வாங்கியதையும், கல் வைக்காமல் போனதையும் சொன்னாள். அழவில்லை. சொல்லி முடித்தபிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஜெயசோதி வரைபடத்தை மறுபடி விரித்தாள்.

"சான்றிதழ் இல்லாத ஆள் களத்தில வேலை செய்ய ஒரு வழி இருக்கு. பழக்கினவ பின்னுக்கு நிக்க வேணும். முழு நாளும்."

"ஆர் நிப்பினம்?"

"நான் நிக்கிறன்."

"உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

"இருக்கு. அது நிக்கட்டும்."

*

ஆனி முதல் கிழமை வேலை தொடங்கியது.

கோடு ஒரு மீற்றர் அகலம். பத்மலோஜினி கனத்த அங்கியும் முகக்கவசமும் அணிந்து முழங்காலில் இருப்பாள். கருவியால் கேட்பாள். வாரியால் மண்ணை வாருவாள். ஒரு விரல் அகலம், பிறகு இன்னொரு விரல் அகலம். துப்புரவான இடத்தில் வெள்ளைத் தடி நடுவாள். ஒரு நாளைக்கு ஒன்றரை மீற்றர் போகும். சில நாள் இரண்டு. பின்னால், விதி சொன்ன தூரத்தில், ஜெயசோதி வெயிலில் நின்றாள்.

சிலநேரம் விசில் ஊதியது. பத்மலோஜினி நிறுத்தினாள். ஆனால் ஜெயசோதி பட்டியலை எடுக்கவில்லை. பத்மலோஜினியும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் கருவி அழுதது. மண்ணை வாரியபோது ஒரு மிதிவெடியின் ஓரம் தெரிந்தது. சப்பாத்துக்குப் பூசும் தகர மைப்பேணி அளவுதான் இருந்தது. அவள் கையைத் தூக்கினாள். எல்லாக் கோடுகளும் நின்றன. வேறு ஆட்கள் வந்து அதை அந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். நாவல் மரத்திலிருந்து பறவைகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து இருந்தன.

பதினெட்டு மீற்றர் மிச்சம். பதினொன்று. ஏழு.

மரத்தின் நிழல் காலையில் அவளுக்கு எதிர்ப்பக்கமாக விழும். மத்தியானம் வேலை முடிகிற நேரம் அது சுருங்கி அடிமரத்துக்குள் போய்விடும். நாலு மீற்றர் இருக்கும்போது பழத்தின் வாசம் வந்தது. அவள் வீட்டுக்குப் போய்ச் சிவராசாவிடம், "வாசம் வருது" என்றாள். என்ன வாசம் என்று அவன் கேட்கவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் அரை மீற்றர்தான் மிச்சம் இருந்தது.

காலை எட்டு மணி இருக்கும். அவள் வாரியை வைத்தாள். விழுந்து அழுகிய பழங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். அப்போது கண்டாள். இரண்டு பெரிய வேர்களுக்கு இடையில் மண் கொஞ்சம் பதிந்திருந்தது. ஒரு சின்னப் பாய் அளவு இடம். இத்தனை மாரியின் மழை அதை அப்படி இறக்கியிருந்தது. வீதியில் நின்று பார்த்தால் தெரியாது.

அவள் வாரினாள். இன்னொரு தரம் வாரினாள்.

வாரி நின்றது.

அவள் அதை மெல்ல நிலத்தில் கிடத்தினாள். பின்னுக்குச் சாய்ந்து, குதிக்காலில் இருந்தாள். கையைத் தூக்கினாள்.

ஜெயசோதி வெள்ளைத் தடிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். அவளுடைய விசில் கழுத்தில் தொங்கியது. அதை அவள் தொடவே இல்லை.

"என்னக்கா?"

"நிலம் தெரியேல்லை."

"கவசத்தில ஆவி படிஞ்சிட்டுதோ?"

"இல்லை. கண்."

ஜெயசோதி குனிந்து கவசத்துக்குள் பார்த்தாள்.

"துடைச்சுப்போட்டுச் செய்யிறியளோ? அரை மீற்றர்தானே."

பத்மலோஜினி அந்த அரை மீற்றரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கும் தெரியாது. காகம் ஒன்று மேலே இருந்து ஒரு பழத்தை விழுத்தியது. பழம் அந்தப் பதிந்த மண்ணில் விழுந்து உருளாமல் கிடந்தது.

"இல்லை, ரீச்சர்" என்றாள். "என்ர கை அவசரப்படுது. எனக்குத் தெரியுது. நான் வெளியில வாறன்."

"மிச்சத்தை?"

"வசந்தி செய்யட்டும்."

அவள் எழும்பினாள். திரும்பிப் பார்க்காமல், நட்ட தடிகளுக்கு நடுவே, வந்த வழியே வீதிவரை நடந்தாள்.

*

வசந்தி பத்தாம் கோட்டில் உள்ளே போனாள். போகுமுன் ஜெயசோதி அவளை நிறுத்தி ஏதோ சொன்னாள். வசந்தி தலையை ஆட்டினாள்.

பத்மலோஜினி வீதியோரம் கட்டியிருந்த தறப்பாள் கூடார நிழலில் இருந்தாள். ஜெயசோதி தண்ணீர் கொடுத்தாள். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

ஜெயசோதி சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தாள். வேர்வையில் அது ஊறிப்போயிருந்தது. முழங்காலில் வைத்து, இருபத்தேழாவது வரியில் இருந்ததை வெட்டி, ஒரு சொல் எழுதினாள். அதை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

பத்மலோஜினி அதைப் பார்க்கவில்லை. அவள் வசந்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு குனிந்தது, நின்றது, குனிந்தது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வசந்தி மரத்தடியில் கடைசி வெள்ளைத் தடியை நட்டாள். வெளியே வந்து கவசத்தைக் கழற்றினாள். அவளுடைய முகம் முழுக்க நனைந்திருந்தது.

"ஒண்டும் இல்லையக்கா" என்றாள். "துப்புரவு. போங்கோ."

பத்மலோஜினி எழும்பினாள். இரண்டு அடி வைத்து நின்றாள். ஜெயசோதி பக்கத்தில் வந்தாள். இருவரும் ஒருவர் பின் ஒருவராக நாற்பது மீற்றரையும் நடந்தார்கள்.

மரத்தடியில் பத்மலோஜினி குந்தினாள். இரண்டு வேர்களுக்கு இடையில் இருந்த மண் முழுக்க, ஓர் இடம் மிச்சமில்லாமல், புதிதாக வாரப்பட்டிருந்தது. வாரியின் பல் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. அதைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது. மண்ணுக்கு மேலே நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"ரீச்சர்."

"என்னக்கா?"

"கிளறியிருக்கிறாள்."

"ஓம்."

"எவ்வளவு ஆழத்துக்கு?"

ஜெயசோதி அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். பெருவிரலையும் சின்னவிரலையும் விரித்து, மண்ணில் படாமல், அளந்து காட்டினாள்.

"ஒரு சாண். எங்கட வேலைக்கு அவ்வளவு காணும். அதோட நிறுத்தினவள், அக்கா."

பத்மலோஜினி உள்ளங்கையை மண்ணில் வைத்தாள்.